தலைவர் வீட்டில் பெண் பார்த்தது

நினைவு இல்லங்களுக்கான விதி எல்லா ஊரிலும் ஒன்றுதான். காட்சிப் பொருள்களைத் தொடக் கூடாது. அவற்றின் மேல் உட்காரக் கூடாது. பார்வையிடுவதைத் தவிர வேறு எந்தக் காரியத்துக்கும் இடத்தைப் பயன்படுத்தக் கூடாது. இந்த மூன்றாவதைப் பொதுவாக யாரும் வாசிப்பதில்லை. பணிக்காலம் முழுவதும் கருவூலத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாசிக்காத விதிகளை வாசித்தே சம்பளம் வாங்கியவள் என்பதால் எனக்கு அது கண்ணில் படுகிறது. எங்கள் குடும்பம் மூன்றாவதைத்தான் முதலில் மீறியது. இரண்டாவது மீறப்படுவதற்கு மேலும் அரைமணி நேரம் பிடித்தது.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. டெல்லியில் பெரிய பதவியில் இருந்து, கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமல், சொத்து என்று எதையும் விட்டுப் போகாத ஒரு தலைவரின் பூர்வீக வீடு. பெயரை எழுதவில்லை. எழுதினால் இது அவரைப் பற்றிய கட்டுரை என்று நினைத்து யாராவது மாலையோடு வந்துவிடுவார்கள். இப்போது அங்கே வாசலில் கேமரா இருக்கிறது. சென்ற மாதம் போயிருந்தபோது கிருஷ்ணன்கோவில் கல்லூரியிலிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து, தலைவரின் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். என் சிறுவயதில் அங்கே யாரும் போவதில்லை. நாங்கள் போனதற்குக் காரணமும் அதுதான்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அவருடைய தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அத்தை நல்ல உயரம். பி.யு.சி. வரை படித்திருந்தாள். இந்த இரண்டும் அந்தக் காலத்தில் தகுதிகளாகக் கருதப்படவில்லை. அதுவரை மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவருக்கு உயரம் உறுத்தியது, இன்னொருவருக்குப் படிப்பு. மூன்றாமவர்கள் எது உறுத்தியது என்றுகூடச் சொல்லி அனுப்பவில்லை.

எங்கள் வீட்டில் நாற்காலி இரண்டுதான். பெண் பார்க்க ஆள் வந்தால் எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இரவல் வாங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் தெருவுக்கே தெரிந்துவிடும். நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, "என்ன சொல்லிட்டுப் போனாக?" என்று கேட்காமல் யாரும் வாங்கிக்கொள்வதில்லை. மூன்றாவது தடவை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போன அம்மா, வாசலிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

நாலாவது சம்பந்தம் வந்தபோது அப்பா ஒரு முடிவு சொன்னார். இதுவும் தட்டிப்போனால், அத்தையைக் கேட்டுக்கொண்டிருந்த பிளவக்கல்காரருக்குச் சரி சொல்லிவிடுவது என்பதுதான் அது. பிளவக்கல்காரருக்குத் தென்னந்தோப்பு இருந்தது. செத்துப்போன மனைவியும், மீசை முளைத்த மகனும் இருந்தார்கள். ஒருதரம் எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்கு ஒரு இளநீரைச் சீவிக் கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இளநீரைக் குடித்தால் பசி போய்விடும் என்று நான் சொன்னேன்.

நாலாவது பார்வை வீட்டில் வேண்டாம் என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். வழக்கமாக இப்படிப்பட்டதற்குக் கோயிலுக்குப் போவார்கள். இரண்டு குடும்பமும் தற்செயலாக வந்ததுபோல ஒரே தூணருகில் நிற்க வேண்டும். ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பிடித்திருந்தால் பேச்சைத் தொடரலாம். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று ஆகிவிடும், யாருக்கும் இழுக்கில்லை. நல்ல நடைமுறை. ஆனால் தை பிறந்ததிலிருந்து ஆண்டாள் கோயிலில் ராஜபாளையம் ஆட்களாகவே தென்பட்டார்கள். நாற்காலி கொடுத்த எதிர் வீட்டுக்காரி வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள்.

தலைவர் வீட்டைச் சொன்னவர் தரகர். ஆள் நடமாட்டம் கிடையாது, கட்டணம் கிடையாது, நிழல் உண்டு, பானையில் தண்ணீர் உண்டு. எல்லாக் கோணத்திலும் யோசித்துத்தான் சொல்வதாக அவர் சொன்னார். அவர் உள்ளே வரமாட்டார், எதிரே டீக்கடையில் இருப்பார். குழந்தை ஒன்று கூட இருந்தால் நிஜமாகவே சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருக்கும் என்றும் அவர்தான் சொன்னாராம். அப்படித்தான் ஒரு புதன்கிழமை எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார்கள்.

எனக்குச் சொல்லப்பட்டது தலைவர் வீட்டைப் பார்க்கப் போகிறோம் என்பது மட்டும்தான். நான் அதை முழுமையாக நம்பினேன். அவர் படம் எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது. அவ்வளவு பெரிய ஆள் எங்கே படுத்துத் தூங்கியிருப்பார், எந்தத் தட்டில் சாப்பிட்டிருப்பார் என்பதெல்லாம் எனக்கு உடனடியாகத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

பஸ்ஸில் அத்தை மாம்பழ மஞ்சளில் பட்டுக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போனவர் வீட்டுக்கு ஏன் பட்டுச்சேலை என்று கேட்டேன்.

"பெரியவுக வீட்டுக்குப் போறப்ப அப்பிடித்தான் போகணும். பேசாம வா" என்றாள் அம்மா.

"அப்ப நீ ஏன் பழஞ்சேல கட்டியிருக்க?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். எங்கள் வீட்டில் இரண்டாவது கேள்விக்கு எப்போதும் அதுதான் பதில்.

நினைவு இல்லத்துக் காப்பாளர் ஒல்லியான மனிதர். இடுப்பில் சாவிக்கொத்து. நாங்கள் நுழைந்தபோது தூங்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் வாசலில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கனத்த உடம்போடு மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு அம்மாள். அவருக்குப் பின்னால், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு ஆள். காப்பாளரின் முகத்தில் திருவிழா வந்துவிட்டது.

"அடடா, ஒரே நேரத்துல ரெண்டு குடும்பம்! எந்த ஊரு?"

"ராஜபாளையம்" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

"வன்னியம்பட்டி" என்றார் அந்த அம்மாள், இன்னொரு சுவரைப் பார்த்து.

"ஒண்ணா வந்தியளா?"

"இல்ல, இல்ல!" என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் கத்தியது. சாமி சத்தியமாக இல்லை என்று அந்த அம்மாள் கூடுதலாகவும் சேர்த்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதே தனித்தனியாகத்தான் என்று அப்பா விளக்கம் கொடுத்தார். யாரும் கேட்காத விளக்கத்தைக் கொடுப்பவர்கள் மேல் எனக்குப் பிற்காலத்தில் வந்த சந்தேகம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

தரகரின் திட்டம் முன்கூடத்தோடு முடிவது. பத்து நிமிஷம் நிற்பது, பார்ப்பது, கலைவது. காப்பாளருக்கு வேறு நடைமுறை இருந்தது. அவர் ஒரு அறையைத் திறப்பார். எல்லாரும் உள்ளே போக வேண்டும். அவர் சொல்லி முடித்ததும் எல்லாரும் வெளியே வர வேண்டும். அதைப் பூட்டிய பிறகுதான் அடுத்த அறை திறக்கும். யாரும் பின்தங்க முடியாது, யாரும் முந்தவும் முடியாது. வெகுநாளாகக் கேட்க ஆளில்லாமல் இருந்த சொற்பொழிவு அவரிடம் சேர்ந்து போயிருந்தது. ஒவ்வொரு புகைப்படத்தையும் குச்சியால் தொட்டு, தலைவருக்கு இடப்பக்கம் நிற்பவர் யார், வலப்பக்கம் நிற்பவர் யார் என்று சொன்னார். முகம் பாதி மறைந்தவர்களையும் அவர் விடவில்லை.

நான் ஒருத்திதான் அதைக் கேட்டேன். மற்றவர்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அத்தையின் காலைப் பார்த்தார், நடையைப் பார்த்தார், பின்னலைப் பார்த்தார். அம்மா அந்த ஆளின் செருப்பைப் பார்த்தாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து ஒருவரும் தலைவரைப் பார்க்காதது எனக்குப் புரியவே இல்லை.

இரண்டாவது அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. வன்னியம்பட்டி ஆள் அதன் முன்னால் போய் நின்றவர் நின்றபடியே இருந்தார். என் ஜாதியில் ஒருத்தரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். பக்கத்தில் போனேன். எட்டவில்லை. அவர் என்னைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மடித்த வேட்டி இரண்டு, மூக்குக்கண்ணாடி ஒன்று, பேனா ஒன்று, முள் நின்றுபோன கைக்கடிகாரம் ஒன்று. இவ்வளவுதான். இதை இத்தனை நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். அலமாரிக் கண்ணாடியில் எங்களுக்குப் பின்னால் நின்ற அத்தையின் மஞ்சள் சேலையும் முகமும் தெரிந்தன. அதை நான் காட்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கடிகாரத்துக்குச் சாவி குடுத்தா ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடும். ஆனா அந்தாளு விடமாட்டாரு" என்று காதோரம் சொன்னார். அவர் ஒரு மில்லில் எந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் என்பது பிறகுதான் தெரியும். கொஞ்சம் தயங்கி, "ஒங்க அத்த பேசுவாங்களா?" என்றார்.

"வீட்டுல நல்லாப் பேசும். இன்னிக்குப் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு."

அவர் என்னைக் கீழே இறக்கிவிட்டு இரண்டு தடவை இருமினார்.

மூன்றாவது அறை தலைவர் படுத்துறங்கிய அறை. நான் காத்திருந்தது இதற்குத்தான். கயிற்றுக் கட்டில் ஒன்று, சாய்வு நாற்காலி ஒன்று, சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒன்றும் இல்லை. காப்பாளர் அந்த ஆணியைப் பற்றி நெடுநேரம் பேசினார். அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. எல்லாரும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கயிறு நெறுநெறுவென்று சத்தம் போட்டது.

"எந்திரிங்கம்மா! எந்திரிங்க! அது தலைவர் கட்டிலு!"

"காலு கடுக்குது. செத்த நேரம் இருந்துக்கிடுதேன். கட்டிலு என்ன தேஞ்சா போகும்?"

"பெரிய பெரிய மந்திரியெல்லாம் வந்து நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போயிருக்காக. எந்திரிங்க."

"மந்திரிக்கு முழங்காலு நல்லாருந்திருக்கும்."

அப்படிச் சொன்னாலும் எழுந்துவிட்டார். ஆனால் முகம் மாறிவிட்டது. "ஒரு எடத்துக்கு வரச் சொல்லிட்டு, உக்கார ஒரு பாயி கெடையாது. மரக்கட்டை மாதிரி நிக்க வச்சு வேடிக்கை பாக்காக. வாடா போவம்" என்று மகனைப் பார்த்துச் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். பெண் பார்க்க வந்தால் மாப்பிள்ளையின் தாயாரை முதலில் உட்கார வைக்க வேண்டும். ஜமுக்காளம் விரித்து, "இருங்க" என்று இரண்டு தரம் சொல்ல வேண்டும். அதில் குறை வந்து முறிந்த சம்பந்தங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். இங்கே உட்கார வைத்தால் அரசாங்கத்தின் விதி போகிறது, உட்கார வைக்காவிட்டால் நம் விதி போகிறது. அப்பாவின் தோளில் துண்டு இருந்தது. அதை விரித்துப் போட்டிருக்கலாம். போட்டால் இவர்கள் எங்களுக்கு வேண்டியவர்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். துண்டை எடுத்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தோளில் போட்டார். அந்த அம்மாள் வாசலை நோக்கித் திரும்பிவிட்டார். பிளவக்கல் தென்னந்தோப்பு அந்த அறைக்குள் வந்து நின்றது என்று இப்போது எழுதலாம். அப்போது எனக்கு ஆணியில் என்ன மாட்டியிருந்தார்கள் என்பதே கவலை.

அத்தை தரையில் உட்கார்ந்தாள். பட்டுச்சேலையோடு, சிமெண்ட் தரையில், சம்மணம் போட்டு. பக்கத்து இடத்தைக் கையால் இரண்டு தட்டு தட்டினாள்.

"இங்கன வாங்க அத்தை. தர நல்லாக் குளுகுளுன்னு இருக்கு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கோ தாங்க முடியாத ஆச்சரியம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எனக்கு இருப்பது ஒரே அத்தை. அந்த அத்தைக்கு ஒரு அத்தை, அதுவும் வன்னியம்பட்டியில், இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் எப்படி இருந்தார்?

"அவிய ஒனக்கு எப்பிடி அத்தை ஆவாக?" என்று கேட்டேன். நல்ல உரத்த குரல் எனக்கு.

பிட்டருக்கு மறுபடி இருமல் வந்தது. சிரிப்பை அப்படித்தான் அடக்குவார் என்று அப்போது தெரியாது. அந்த அம்மாள் திரும்பி வந்து அத்தையை மேலிருந்து கீழாக, இந்த முறை ஒளிவு மறைவில்லாமல் பார்த்தார்.

"ஏட்டி, நான் அத்தைன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"கால் வலிக்குதுன்னு சொன்னியள். வேற என்ன சொல்லிக் கூப்புட?"

அந்தப் பதிலில் கேள்விக்கான பதில் இல்லை. ஆனால் அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, மெல்ல அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் அம்மா உட்கார்ந்தாள். தரையில் உட்காரக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. காப்பாளர் சாவிக்கொத்தோடு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"பொண்ணு பாக்க வந்த கூட்டமா? இது சர்க்கார் எடம்லா! அதுவும் யாரு வீட்டுல? கடைசி வரைக்கும் கல்யாணமே வேண்டாம்னு இருந்த மனுசன் வீட்டுல!"

தரகர் நிழலை யோசித்திருந்தார், தண்ணீரை யோசித்திருந்தார், கட்டணத்தை யோசித்திருந்தார். இதை யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை. மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, இரண்டு குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நல்ல சகுனம் பாத்தான் தரகன்! பிரம்மச்சாரி வீட்டுல கொண்டாந்து உக்கார வச்சிருக்கான்!"

அப்போதுதான் பிட்டர் முதல் தடவையாக எல்லாருக்கும் கேட்கும்படி வாயைத் திறந்தார். "அவரு பண்ணிக்கிடலைன்னா என்னம்மா? மத்தவுகளுக்குப் பண்ணி வச்சிருப்பாருல்லா?"

காப்பாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வச்சிருப்பாராவா? அவரு தலைமையில நடந்த கல்யாணம் எம்புட்டு! அந்தப் படமெல்லாம் அடுத்த அறையில இருக்கு. நான் இன்னும் தொறக்கவே இல்லையே" என்றார். உடனே திறக்கவும் முடியாது. முதலில் இதைப் பூட்ட வேண்டும். ஆகவே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். அந்த அம்மாளுக்குத் தனியாக எழ முடியவில்லை. அத்தை கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

நாலாவது அறைச் சுவர் முழுக்க மாலையும் கழுத்துமாக மணமக்கள். நடுவில் தலைவர், எல்லாப் படத்திலும் ஒரே முகத்தோடு. அந்த அம்மாள் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். எத்தனை பேர் நன்றாக வாழ்கிறார்கள் என்று கேட்டார். அந்தத் தகவல் தன்னிடம் இல்லை என்று காப்பாளர் ஒப்புக்கொண்டார்.

வெளியே வரும்போது பார்வையாளர் புத்தகத்தை நீட்டி, வீடு எப்படி என்று இரண்டு வார்த்தை எழுதச் சொன்னார். அந்த அம்மாளுக்கு எழுத வராது. வாயால் சொன்னார்: "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி விடுதோம்."

காப்பாளர் குழம்பினார். அப்பா குழம்பவில்லை. மூன்று தடவை கேட்ட வாக்கியம். அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு முறை பேசினார். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன? ஒரு மொறை இல்ல, கேட்டுக்கேள்வி இல்ல, முன்னப்பின்ன தெரியாதவளப் போயி அத்தையாம்!" அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "வாய் தவறி வந்துட்டு, அண்ணே" என்றாள். பல வருஷம் கழித்து நான் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். வாய் தவறியவள் எதற்காக முதலில் தரையைத் தட்டினாள் என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சில கோப்புகளைத் திறக்காமல் மூடுவதும் நிர்வாகம்தான்.

பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் எட்டு நாளைக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எட்டு நாள் போயிற்று. தரகர் எங்கள் தெருப் பக்கம் வருவதை நிறுத்தினார். மாசி பிறந்தது. வளர்பிறையில் வரும் ஞாயிற்றுக்கிழமை பிளவக்கலுக்குப் போய்ப் பேசி முடிப்பதாக அப்பா சொன்னார். அன்றிரவு அத்தை பி.யு.சி. புத்தகங்களையெல்லாம் கட்டி, எனக்குப் பின்னால் உதவும் என்று என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு அவ்வளவு புத்தகம் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. இன்னொரு இளநீரும் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நான் பள்ளிக்கூடம் விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த நேரம், வாசலில் மாட்டுவண்டி ஒன்று நின்றது. வன்னியம்பட்டி அம்மாள் தனியாக இறங்கினார். பக்கத்து வீட்டு நாற்காலிக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. அப்பாவும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவர் பனியனோடு நின்றார். அம்மா கையில் கரண்டியோடு நின்றாள்.

"அறுப்பு முடிஞ்சு இன்னிக்குத்தான் கை ஒழிஞ்சுது. நெல்லக் களத்துல போட்டுட்டு எங்கிட்டு நகர?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் நேரே அடுப்படிக்குப் போனார். சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "என்ன கொழம்பு? கத்திரிக்காயா? போடு, போடு. ஏட்டி, நீ பரிமாறு" என்றார் அத்தையிடம்.

அத்தை பரிமாறினாள். அந்த அம்மாள் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, ரசம் ஊற்றிச் சாப்பிட்டு, மோருக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். உப்பு ஒரு கல் கூட என்றும் சொன்னார். அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன். ஆனால் அடுப்பு அணைந்திருந்தது. எனக்கென்று எடுத்து வைத்திருந்த அப்பளத்தையும் அந்த அம்மாள் நொறுக்கிக்கொண்டதில் எனக்கு வருத்தம். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, "வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

வன்னியம்பட்டியில் சோறாக்கவில்லை போலிருக்கிறது, பாவம், நல்ல பசி என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை எச்சில் இலையை எடுக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். சம்பந்தத்துக்குச் சம்மதம் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எட்டு நாளில் வந்திருக்க வேண்டிய பதில், மாசி மாதம் வளர்பிறை வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது.